ஊட்டி குளிர்ல லாயத்தை மூடி வெச்சா குதிரை இருமுது, என்ன பண்ணலாம்?

பனிமூட்டம்:
ஊட்டி பக்கம் தகர ஷீட் போட்ட சின்ன லாயம், மூணு குதிரை நிக்குது. டிசம்பர் வந்ததும் ராத்திரி உறைபனி, காலைல புல்லெல்லாம் வெள்ளையா கெடக்கு, அதனால நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி கூரைக்குக் கீழ இருக்கற இடுக்குல எல்லாம் சாக்கு அடைச்சிருக்கோம். இப்ப கதவைத் தொறந்தா மூத்திர வாடைல கண்ணு எரியுது, மேல இருந்து சொட்டு சொட்டா தண்ணி வேற. ஒரு குதிரை காஞ்ச புல்லு தின்னும்போது மட்டும் இருமுது, ஜுரம் இல்ல, நல்லாத்தான் திங்குது. சுண்ணாம்பு பவுடர் தூவுனா வாடை போகும்ங்கறாங்க, அப்பா ராத்திரிக்கு கரி அடுப்பு வைக்கலாம்ங்கறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய சைஸ்:
தம்பி மொதல்ல அந்தக் கரி அடுப்பை விடுங்க. மூடுன எடத்துல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு, வாடையே இருக்காது, குதிரையோட காவலுக்குப் படுத்தவனும் போயிடுவான். புல்லு கெடக்கற எடத்துல தீப்பொறி வேற. குளிருக்கு ரொம்ப பயப்படாதீங்க, ரோமம் நல்லா வளந்த பெரிய குதிரைக்கு 5 டிகிரி எல்லாம் ஒண்ணுமே இல்ல, பழகிட்டா பூஜ்யத்துக்குக் கீழயும் தாங்கும். ஆகாதது ரெண்டு, ஒடம்பு நனையறது, நேரா மேல அடிக்கற காத்து. அதனால தார்ப்பாய குதிரை முதுகுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் மட்டும் கட்டுங்க, இடுக்குல இருக்கற சாக்க இன்னிக்கே உருவுங்க. அது விடுற மூச்சு ஈரம் வெளிய போக வழியில்லாமத்தான் ஷீட்ல பட்டு சொட்டுது. குட்டி, கெழடு, ரோமம் வெட்டுனது இருந்தா அதுக்கு மட்டும் கம்பளி போடுங்க.

கொள்ளுப்பை:
சுண்ணாம்பு எல்லாரும் போடுறாங்கதான், ஆனா அது வேலைக்கு ஆகாது. மூத்திரத்துல இருக்கற யூரியாவ பாக்டீரியா உடைக்கறதுலதான் கண்ணு எரியற அந்த அம்மோனியா வாயு வருது, சுண்ணாம்பு போட்டு காரத்தன்மைய ஏத்துனா அது இன்னும் வேகமா காத்துல கெளம்பும். தரைய கழுவிக் காய வெக்கும்போது வேணா போடுங்க. ஈரமான படுக்கையும் லத்தியும் தெனமும் அள்ளணும், மேலாப்புல புது வைக்கோல் பரப்பி மறைச்சா கணக்குல வராது. அப்புறம் நின்னுக்கிட்டே மோந்து பாக்காதீங்க, குத்த வெச்சு உக்காந்து பாருங்க, படுக்கற குதிரை மூக்கு அங்கதான் இருக்கு.

வெட் ஸ்டூடண்ட்:
தின்னும்போது மட்டும் இருமலா, அப்ப புல்லுத் தூசியும் பூஞ்சையும்தான் எனக்கு சந்தேகம், மனுஷங்க ஆஸ்துமா மாதிரி குதிரைக்கும் வரும். புல்ல அரை மணி நேரம் தண்ணில ஊறவெச்சு, தரையிலயே போடுங்க, தலையக் குனிஞ்சு தின்னா சளி தானா வடியும். மிச்சத்த அடுத்த வேளைக்கு வெக்காதீங்க, புளிச்சிடும். கூட்டும்போது குதிரைய வெளிய கட்டிடுங்க. இருமல் நிக்கலன்னா டாக்டர்ட்ட காட்டிடுங்க. மூக்குல கெட்டியா மஞ்சளா வடிஞ்சாலோ ஜுரம் வந்தாலோ தாடைக்குக் கீழ வீங்குனாலோ உடனே தனியா கட்டிட்டு கவர்மெண்ட் டாக்டரக் கூப்பிடுங்க, கிளாண்டர்ஸ்ங்கற குதிரைத் தொத்து நோயா இருந்தா நமக்கும் தொத்தும்.

பனிமூட்டம்:
சாக்கு எல்லாம் எடுத்தாச்சு, அப்பா மொறைக்கறாரு 😅 காத்து எந்தப் பக்கம் வரும்னு பாத்து தார்ப்பாய் கட்டணும்?

பழைய சைஸ்:
இந்த மாசத்துல பொதுவா வடகிழக்குதான், ஆனா மலைச்சரிவுல நம்ப முடியாது. நாலு மூலைலயும் துணி நாடா கட்டித் தொங்கவிட்டு ராத்திரி பாருங்க, ஆடற பக்கம் மட்டும் கட்டுனா போதும்.