ஓரிகன் சொன்ன உயிர்த்தெழுந்த உடல்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஆதித் திருச்சபையில் இறந்தவர்கள் உடலோடு உயிர்த்தெழுதல் பற்றி நடந்த வாதங்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஏதென்சில் திருத்தூதர் பவுல் இதைப் பற்றிப் பேசியபோது சிலர் கேலி செய்தது புரிகிறது. உடலைச் சிறை என்று பிளேட்டோ வழியில் நினைத்தவர்களுக்கு, அது திரும்பி வரும் என்றால் நற்செய்தியாகவா படும்? 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய தத்துவவாதி கெல்சுஸ் இன்னும் ஒருபடி மேலே போய், இது புழுக்களுக்கு உரிய நம்பிக்கை என்று நக்கலடித்தார்.

நான் சிக்கியிருப்பது 3ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகனிடம். உடல் ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கிறது, சதை மாறிவிடுகிறது, 'எய்டோஸ்' என்ற வடிவம்தான் நிலைக்கிறது, எழுவதும் அதுவே என்கிறார். அவருக்குப் பின் வந்த ஆயர் மெத்தோடியஸ் இதை ஒப்பவில்லை. சிதைந்த சிலையை உருக்கி மறுபடி வார்ப்பதுபோல அதே உடல்தான் எழ வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். (எனக்கென்னவோ ஓரிகன் பக்கம்தான் சாய்வு.)

சரி, கேள்வி இதுதான்: அந்த எய்டோஸ் அரிஸ்டாட்டில் சொன்ன வடிவமா (ஒரு பொருளை அதுவாக ஆக்குவது), ஸ்டோயிக்கர்கள் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினரின் வித்துக் கோட்பாடா (ஒன்றை உள்ளிருந்து உருவாக்கும் விதை போன்ற ஆற்றல்)? உடல் விதைபோலப் புதைக்கப்பட்டு வேறு விதமாக எழுகிறது என்று பவுல் சொல்லும் 1 கொரிந்தியர் 15இன் விதை உவமையை ஓரிகன் எடுத்தாள்வதால் இரண்டாவது என்று ஊகிக்கிறேன். இறையியல் படித்தவர்கள் யாராவது விளக்க முடியுமா? தமிழில் இதுபற்றிக் கட்டுரை இருந்தாலும் சொல்லுங்கள். கிரேக்கம் எனக்குத் தெரியாது, ஆங்கிலம் சமாளிப்பேன்.