மறு: ரெக்ரஷன் கெழு – ‘தாக்கக் கெழு’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு மாறி ஓர் அலகு கூடும்போது இன்னொன்று சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் எண்தான் ரெக்ரஷன் கெழு (regression coefficient). நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்பதுதான் பேச்சு.

‘தாக்கக் கெழு’ என்று அண்ணன் முன்வைத்த சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு சொல்லாத ஒன்றையும் அது சேர்த்துச் சொல்கிறது: இதனால்தான் அது நடந்தது என்று.

நம்ம கன்னியாகுமரி மாவட்ட ரப்பரையே எடுத்துக்கொள்வோம். குலசேகரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாத விளைச்சலுக்கும் அந்தந்த மாதத்து மழை நாட்களுக்கும் ஒரு கோடு பொருத்துகிறோம் என்று வையுங்கள். மழை என்றால் பால்வெட்டு நிற்கும். ஆகவே கெழு எதிர்க்குறியில் வரவேண்டும். ஆனால் நேர்க்குறியிலும் வரலாம். ஜனவரி, பிப்ரவரியை ஒட்டி மரம் இலை கொட்டித் தளிர்க்கும்போது பால் குறைந்துவிடும். வெட்டையே நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. மழை குறைந்த மாதங்களும் அவைதான். ஆக, மழையில்லாத மாதமே விளைச்சல் இல்லாத மாதமாகக் கணக்கில் ஏறுகிறது.

இலையுதிர் மாதமா இல்லையா என்பதை இன்னொரு மாறியாகச் சேர்த்துப் பாருங்கள். இப்போது இலையுதிர் மாதங்கள் தங்களுக்குள்ளும் மற்ற மாதங்கள் தங்களுக்குள்ளும் ஒப்பிடப்படுகின்றன. குறி மாறிவிடக்கூடும். தரவு அதேதான். முதல் எண்ணைத் ‘தாக்கம்’ என்று எழுதியிருந்தால், மழை பெய்தால் பால் கூடும் என்றல்லவா ஒரு மாணவர் படித்துக்கொண்டு போவார்?

அதனால் என் முன்மொழிவு ‘பகுதிச் சாய்வு’. சாய்வு பள்ளிக்கூடச் சொல். மற்ற மாறிகளை அசைக்காமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் ‘பகுதி வகைக்கெழு’ பன்னிரண்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. நேரியல் சமன்பாட்டில் இந்தக் கெழு சரியாக அதுதான். ரெக்ரஷனுக்குத் ‘தொடர்புப் போக்கு’ என்ற சொல் இருப்பதால் ‘பகுதித் தொடர்புப் போக்குக் கெழு’ என்றும் சொல்லலாம், ஆனால் வகுப்பில் அதை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். விளக்கும்போது ‘மற்ற மாறிகள் அப்படியே இருக்க’ என்ற தொடரை விடவே கூடாது. அதுதான் சொல்லின் பாதிப் பொருள்.

அலகையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மழையளவை மில்லிமீட்டரில் கொடுத்தால் வரும் கெழு, சென்டிமீட்டரில் கொடுத்தால் பத்து மடங்காகும். எண் பெரிது என்பதால் அந்த மாறி முக்கியமானது என்று ஆகிவிடாது.

பெயருக்கு முன்னால் வரும் ‘மதிப்பிட்ட’ (estimated) என்ற அடையை வெட்டலாம் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. நம் கையில் இருப்பது ஒரு கூறு (sample) மட்டுமே. வேறு தோட்டங்களை எடுத்தால் வேறு எண் வரும். எல்லாத் தோட்டங்களும் சேர்ந்த முழுமைத் தொகுதியின் உண்மையான சாய்வு யாருக்கும் தெரியாது, அதனால்தான் நம் எண் எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழையையும் (standard error) பக்கத்தில் எழுதுகிறோம்.

ரெக்ரஷனைப் ‘பின்னடைவு’ என்று சொல்வது பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1880களில் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது, பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் கண்டு வைத்த பெயர் அது. இன்றைய முறையில் எதுவும் பின்னடைய வேண்டியதில்லை. தொடர்புப் போக்கே போதும்.

(கெழு என்றால் தொல்காப்பியத்தில் நிறம்: ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’. கணிதத்துக்கு வந்த பிறகு அந்த நிறம் போய்விட்டது!)

– தக்கலையிலிருந்து

*

தம்பி, ‘தாக்க’த்தை விட்டுவிடுகிறேன். மழைக் கணக்கு புரிந்தது.

ஆனால் உங்கள் உதாரணத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இலையுதிர் மாதம் என்ற மாறிக்கு 0 (இல்லை), 1 (ஆம்) என்ற இரண்டே மதிப்புகள். அதன் கெழு, மழை நாட்கள் சமமாக இருக்கும்போது இரண்டு வகை மாதங்களின் சராசரி விளைச்சலுக்கு இடையே உள்ள வேறுபாடு. அங்கே சாய்வு என்றால் மாணவர் எந்தக் கோட்டைத் தேடுவார்? கெழு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். எனவே ‘பகுதிக் கெழு’ என்று வைத்துக்கொண்டு, மழையளவு போல எந்த மதிப்பையும் எடுக்கக்கூடிய தொடர் மாறிகளுக்கு மட்டும் சாய்வு என்று விளக்கத்தில் எழுதலாமே? மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.

– மார்த்தாண்டத்திலிருந்து