அம்மாவைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும், உதவி எங்கே கேட்பது?

காலை ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 77 வயது. பக்கவாதம் வந்து முதலில் பெரிய மருத்துவமனை, அப்புறம் சமூக மருத்துவமனை, போன வாரம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கை சுத்தமாக வரவில்லை. நடை என்றால் கட்டிலிலிருந்து சோபா வரைக்கும், அதுவும் யாராவது பிடித்துக்கொண்டால்தான். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் நாலறை வீடு, நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். எனக்குக் காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய வேலை. மனைவி சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறாள், இந்த மாதத்தோடு அது முடிகிறது.

பெரிய தலைவலி குளியல். மகன் குளிப்பாட்டுவதை அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார், மருமகள் என்றால் சரி, ஆனால் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கட்டு தாள் கொடுத்து ஆங்கிலத்தில் மடமடவென்று விளக்கினார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் கேர்ஷீல்டு, எல்டர்ஷீல்டு காப்புறுதி, மானியம் என்று ஏதேதோ இருக்கிறது. கேர்ஷீல்டில் அம்மா சேரவில்லை. அப்படியென்றால் ஒன்றுமே கிடைக்காதா? பணிப்பெண் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

—

செம்பவாங் அக்கா எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள். காசு கையில் வருவது வேறு, ஆள் வீட்டுக்கு வருவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நான் மூன்று மாதம் வீணாக்கினேன்.

ஆள் வருவதற்கு எந்தக் காப்புறுதியும் தேவையில்லை. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைக் கூப்பிடு, 1800 650 6060. அந்தக் கட்டுத் தாளில் எங்கேயாவது அந்த எண் கட்டாயம் இருக்கும். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் வருபவர்கள் தனி, காயத்துக்குக் கட்டுப் போடவும் மூக்குக் குழாய் மாற்றவும் வரும் தாதி தனி, கை கால் பயிற்சிக்கு வருபவர் தனி. “வீட்டில் உதவி வேண்டும்” என்று மொட்டையாகச் சொல்லாதே. “குளிப்பாட்ட ஆள் வேண்டும், பெண் வேண்டும், காலையில் வேண்டும்” என்று சொல். காலை நேரம்தான் எல்லாருக்கும் வேண்டும், அதனால் உடனே கிடைக்காமல் போகலாம். எங்களுக்கு முதலில் பத்தரை மணிதான் கிடைத்தது, அதுவரை அம்மா பல் துலக்கிவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது முக்கியமான விஷயம். காசு உதவிக்கு மதிப்பீடு செய்வார்கள். பார்ப்பது ஆறு காரியம்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இதில் மூன்றுக்காவது எப்போதும் இன்னொருவர் உதவி தேவைப்பட்டால்தான் காசு கிடைக்கும். என் அம்மாவைப் பார்க்க வந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? விடிகாலையிலேயே என்னை எழுப்பிப் புடவை கட்டிவிடச் சொன்னார், பொட்டு வைத்துக்கொண்டார். வந்த பெண் “குளிப்பீர்களா பாட்டி?” என்று கேட்டால் “ஓ, நானே குளிச்சுக்குவேனே” என்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வேறு நடந்து காட்டினார்! அன்று ராத்திரி கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் என்னைக் கூப்பிட வெட்கப்பட்டு அரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார். முதல் மதிப்பீட்டில் ஒன்றும் தேறவில்லை.

நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. பெற்ற தாயை வைத்துக்கொண்டே “இவரால் கால் கழுவ முடியாது” என்று எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மா எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வருகிறவரை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடு. அதற்கு முன்னால் ஒரு வாரம் குறித்து வை: எத்தனை தடவை பிடித்துத் தூக்கினீர்கள், புடவையா நைட்டியா, பொத்தானை யார் போட்டது, சோற்றைப் பிசைந்து கொடுத்தது யார். இரண்டாவது தடவை அந்த நோட்டுப் புத்தகத்தோடுதான் உட்கார்ந்தேன்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா சொன்னதோடு காசுப் பக்கம் நான் சொல்கிறேன்.

கேர்ஷீல்டு லைஃப் என்பது கடுமையான உடற்குறை வந்தால் மாதாமாதம் காசு தரும் காப்புறுதி, 2020 அக்டோபரில் வந்தது. 1979லோ அதற்கு முன்னரோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம் இல்லை, கடுமையான உடற்குறை வந்த பிறகு சேரவும் முடியாது. சரி, அது போகட்டும். ஆனால் அதற்கு முன்னால் இருந்த எல்டர்ஷீல்டைப் பார்த்தீர்களா? 2002ல் அது தொடங்கியபோது உங்கள் அம்மாவுக்கு 53 வயது. வேலை செய்து மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை தானாகவே சேர்த்திருப்பார்கள். சந்தா மெடிசேவிலிருந்து போயிருக்கும், அம்மாவுக்கே ஞாபகம் இருக்காது. பழைய திட்டம் என்றால் மாதம் 300 வெள்ளி, ஐந்து வருடம் வரை. 2007க்குப் பின் வந்தது 400 வெள்ளி, ஆறு வருடம் வரை. அம்மாவின் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக்கான கணக்கு) வேலை செய்தால் மத்திய சேம நிதி இணையத்தளத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் அதே எண்ணில் கேளுங்கள்.

வீட்டுப் பராமரிப்பு மானியம் வேறு. அதற்குக் காப்புறுதி வேண்டாம். 2026 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மாதம் 600 வெள்ளி, குடும்பத்தில் தலைக்கு மாத வருமானம் 4,800 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். வருமானம் கூடக்கூடத் தொகை குறையும். வீட்டுக்கு ஆள் வரும் கட்டணத்திலும் எவ்வளவு கழிவு என்பது இந்தத் தலைக்கு வருமானத்தைப் பொறுத்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கணக்கு ஒரே முகவரியில் இருக்கும் குடும்பத்தாரை வைத்துப் போடுவது. என் தம்பி கல்யாணமாகி பொங்கோலுக்குப் போய் ரொம்ப நாளாகியும் அடையாள அட்டையில் எங்கள் முகவரியை மாற்றாமல் வைத்திருந்தான், அவன் சம்பளமும் சேர்ந்து எங்கள் கழிவு குறைந்துபோனது. ஹரி ராயா விருந்தில் வைத்து அவனோடு சண்டை போட்டேன் என்பது தனிக்கதை.

பணிப்பெண் எடுத்தால், வீட்டில் 67 வயது தாண்டிய சிங்கப்பூரர் இருப்பதால் அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300க்குப் பதிலாக 60 வெள்ளி. குளியலறைக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ‘ஈஸ்’ திட்டத்தில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை. 65 வயதானாலே தகுதி உண்டு, உங்கள் பங்கு சொற்பம்.

—

பழைய தேக்கா எழுதியது:

எங்கள் காலத்தில் பெற்றவர்களை நாங்களேதான் பார்த்தோம். எவரோ வந்து தாயைத் தொட்டுக் குளிப்பாட்டுவதா?

—

செம்பவாங் அக்கா எழுதியது:

ஐயா, கோபப்படாமல் கேட்கிறேன், ‘நாங்களே பார்த்தோம்’ என்றால் நீங்கள் பார்த்தீர்களா, உங்கள் வீட்டம்மா பார்த்தாரா?

—

மாடிப்படி எழுதியது:

ஆள் வந்த பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்களுக்கு வந்த பெண் நல்லவர், ஆனால் தமிழ் தெரியாது, அம்மாவுக்கோ தமிழைத் தவிர கொஞ்சம் சந்தை மலாய்தான். “வலிக்குதா”, “திரும்புங்க”, “தண்ணி சூடா இருக்கா” என்று பத்து வார்த்தையை அவர் படிக்கிற எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். இரண்டாவது வாரம் அம்மா அவருக்கு உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

சாப்பாடு கொண்டுவந்து தரும் சேவையும் இருக்கிறது. சைவம் என்றால் அழுத்திச் சொல்லுங்கள். நான் படிவத்தில் எழுதியும் எங்களுக்கு முதல் வெள்ளிக்கிழமையே மீன் வந்தது.

பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தையும் விசாரியுங்கள், வேனில் வந்து கூட்டிப் போவார்கள். அம்மா போகும் இடத்தில் குளிப்பாட்டியே அனுப்புகிறார்கள். ஈசூன் பக்கம் ஸ்ரீ நாராயண மிஷனையும் கேட்டுப் பாருங்கள்.

—

காலை ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இடைவேளையில் கூப்பிட்டேன். அம்மாவுக்கு எல்டர்ஷீல்டு இருக்கிறதாம், 300 வெள்ளி! பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்த காலத்துச் சந்தா. காலையில் பெண் பணியாளருக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள், அதுவரை வாரம் மூன்று நாள் மதியம் வருவார்கள். மதிப்பீடு வியாழக்கிழமை.

நோட்டுப் புத்தகம் ஆரம்பித்தாயிற்று. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அன்று பொட்டு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், எழுந்து மட்டும் நடந்து காட்டக் கூடாது என்று. “வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு டீ கூடப் போட்டுக் குடுக்காம உக்காந்திருக்கவா?” என்கிறார்.