பிழை தேட கன்சோல்.லாக் போதுமா, டீபக்கர் வேண்டுமா?

பிழைதேடி:
ஜாவாஸ்கிரிப்ட் நிரலில், மதிப்புகளை அச்சிட்டுக் காட்டும் கன்சோல்.லாக் கட்டளையை ஐந்து வரிக்கு ஒன்றாக எழுதி வைப்பதைப் பிழை தேடுதல் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை. உலாவியில் ஓர் ஆப்ஜெக்டை (பல மதிப்புகளின் தொகுப்பை) லாக் செய்துவிட்டுப் பிறகு அதன் அம்புக்குறியைச் சொடுக்கி விரித்தால், தெரிவது லாக் செய்த கணத்தில் இருந்த மதிப்பன்று, விரித்த கணத்தின் மதிப்பு. இதை அறியாமல், குற்றமற்ற ஒரு ஃபங்ஷனை இரண்டு நாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிரலை இடையில் நிறுத்தி ஆராய உதவும் டீபக்கரில், நிற்க வேண்டிய வரியைக் குறிக்கும் பிரேக்பாயிண்ட் வைத்திருந்தால், அந்தக் கணத்து மதிப்பும் அங்கு வந்த வழியைக் காட்டும் கால் ஸ்டாக்கும் ஒருங்கே கிடைத்திருக்கும்.

நிரல்வழி:
நீங்கள் சொல்வது உண்மைதான்; ஆயினும் ஸ்ட்ரக்சர்டுகுளோன் கொண்டு நகலெடுத்து லாக் செய்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும். பிரேக்பாயிண்ட் நிரலையே நிறுத்திவிடுகிறது. சர்வருக்கு அனுப்பிய இரண்டு கோரிக்கைகளில் எதன் பதில் முந்துகிறது என்பதைப் பொறுத்து எழும் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள்: நாம் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நொடிகளில் இரண்டு பதில்களும் வந்து சேர்ந்துவிடுவதால், தேடிய பிழையே மறைந்துபோகிறது. நேர முத்திரையிட்ட நான்கு வரி லாக் அந்த வரிசையை உள்ளபடி காட்டும்.

பிழைதேடி:
ஃபங்ஷன் அடங்கிய ஆப்ஜெக்டை ஸ்ட்ரக்சர்டுகுளோனிடம் கொடுத்தால் அது பிழை எறியும். அதற்குப் பதில் ஆப்ஜெக்டை உரையாக மாற்றும் ஜேசான்.ஸ்ட்ரிஞ்சிஃபையைப் பயன்படுத்தினால், அது அத்தகைய ஃபங்ஷன்களையும் அன்டிஃபைன்டு (வரையறுக்கப்படாத) மதிப்புள்ள பண்புகளையும் சத்தமின்றி விட்டுவிடும். தன்னையே சுட்டும் ஆப்ஜெக்டானால் அதுவும் பிழை எறியும். நேர வரிசைதான் வேண்டுமென்றால் குரோமில் லாக்பாயிண்ட் இருக்கிறது. நிரலை நிறுத்தாமலும் மூலக்கோப்பில் ஒரு வரியும் சேர்க்காமலும் அதே செய்தியை அச்சிடலாம்.

அடுக்கு:
உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் பயன்படுத்துவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே லாக் செய்யும்போது, ஆப்ஜெக்டுக்குள் ஆப்ஜெக்டாக இறங்கும் இயல்பான ஆழ வரம்பு 2 என்பதால், அதற்கும் உள்ளே இருப்பது வெறும் [ஆப்ஜெக்ட்] என்று அச்சாகும். கன்சோல்.டிர் அழைப்பில் டெப்த் (ஆழம்) மதிப்பை நல் (null) என்று கொடுத்தால் முழுவதும் தெரியும்.

நிரல்வழி:
லாக்பாயிண்டை ஏற்கிறேன், என் மேசையில் உள்ள கணினிக்கு அதுவே மேல். ஆனால், நள்ளிரவில் விழுந்து தானாக மீண்டெழுந்த சர்வருக்கு, விழுவதற்கு முன் அது எழுதிவைத்ததைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதனால்தான் நோடில் கன்சோல்.எரர் எஸ்டிடிஎர்ர் எனும் பிழை வெளியீட்டுக்கும் கன்சோல்.லாக் எஸ்டிடிஅவுட் எனும் வழக்கமான வெளியீட்டுக்கும் செல்வதைப் பயன்படுத்தி, இரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் சேமிக்கிறேன்.

பிழைதேடி:
சர்வரைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். அந்தக் கோப்பில் கோரிக்கை எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள்; கோரிக்கையை முழுதாகக் கொட்டினால் பயனரின் கடவுச்சொல்லும் அதிலேயே போய்ச் சேரும்.