வண்ணத்திரைக் கையடக்கக் குறிப்பேடு: பாம் த்ரீ-சி, பாம் எம் 515 பயன்படுத்தியவர்களின் கருத்து தேவை

நாட்குறிப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். என் மாமா பல ஆண்டுகள் பயன்படுத்தி வந்த பாம் (Palm) நிறுவனத்தின் இரண்டு கையடக்கக் குறிப்பேட்டுக் கருவிகளை அண்மையில் என்னிடம் ஒப்படைத்தார். ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த த்ரீ-சி, மற்றொன்று 2002ஆம் ஆண்டில் வந்த எம் 515. இரண்டும் வண்ணத்திரை கொண்டவை. இரண்டும் இன்னும் உயிர்பெறுகின்றன. சந்திப்பு நேரங்கள், செய்ய வேண்டிய வேலைகள், சிறு குறிப்புகள் ஆகிய மூன்றையும் கைபேசியிலிருந்து பிரித்தெடுத்து, அறிவிப்புகள் எதுவும் குறுக்கிடாத ஒரு தனிக் கருவியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு இவற்றுள் ஒன்றை ஓராண்டாவது நாள்தோறும் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

விவரக்குறிப்புகளை ஓரளவு படித்துவிட்டேன். த்ரீ-சியில் 8 எம்பி நினைவகமும் 256 வண்ணங்களும் உள்ளன. எம் 515இல் 16 எம்பி நினைவகமும் 65,536 வண்ணங்களும் உள்ளன. ஆனால் இந்த எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய இயலவில்லை. ஏனெனில் என் மேசை விளக்கின் கீழ் த்ரீ-சியின் திரைதான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. வண்ணங்கள் மிகுந்த எம் 515 சற்றே சாம்பல் பூசியதுபோல் காட்சியளிக்கிறது. இது கருவியின் முதுமையா, இயல்பா? நாள்தோறும் பயன்படுத்தியவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், எதனால் என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எழுத்தாணி:

நண்பருக்கு வணக்கம். இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். த்ரீ-சியை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், பிறகு எம் 515ஐ அதைவிட நெடுங்காலம். நீங்கள் காண்பது முதுமையால் வந்த குறை அன்று, அத்திரையின் இயல்பு. வண்ணங்களின் எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒளி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இவ்விரு கருவிகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது.

த்ரீ-சியின் திரை பின்னொளியை ஊடுருவ விட்டுக் காட்டும் வகையைச் சேர்ந்தது. விளக்கு பின்னால் எரிந்தால்தான் படம் தெரியும்; எனவே கருவி இயங்கும் நேரம் முழுவதும் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். அறைக்குள்ளும் மங்கிய வெளிச்சத்திலும் அது அழகாகத் தெரிவதற்கும், வெயிலில் நின்று திறந்தால் வெளிறிப்போய் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போவதற்கும் காரணம் ஒன்றே: வெயிலோடு போட்டியிட அந்தச் சிறு விளக்கால் முடியாது. எம் 515இன் திரையோ வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பி அனுப்பிப் படம் காட்டுவது. வெயில் ஏற ஏற அது தெளிவாகும். விளக்கு அதற்கு வெறும் துணை. 2001இல் வந்த எம் 505இலும் இதே வகைத் திரைதான் இருந்தது. அதன் துணைவிளக்கு அறைக்குள் போதவில்லை என்று பலரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். எம் 515இல் அந்த விளக்கு பொலிவு கூட்டப்பட்டு வந்தது. ஆகவே உங்கள் கையில் இருப்பது அந்த இரண்டில் மேம்பட்டது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். எம் 515ஐ மேசை விளக்கின் நேர்க்கீழே வைக்காமல், பகலில் சன்னல் ஓரமாக அமர்ந்து, வெளிச்சம் உங்கள் தோளின் மேலாக வந்து திரையில் விழும்படி பிடித்துப் பாருங்கள். தாளில் அச்சிட்டதுபோல் எழுத்துகள் எழுந்து நிற்கும். கருவியைச் சில பாகை சாய்த்தாலே தெளிவு மாறுவதையும் உணர்வீர்கள். அந்தச் சாய்வைக் கை ஒரு வாரத்தில் தானாகக் கற்றுக்கொள்ளும்.

நான் எம் 515ஐயே பரிந்துரைப்பேன். குறிப்பேடு என்பது மேசையில் அமர்ந்து இரசிப்பதற்கு அன்று. நடைபாதையில், வாகனத்துக்காகக் காத்திருக்கும் இடத்தில், யாரோ ஒருவர் அடுத்த சந்திப்புக்கு நேரம் கேட்கும் அந்த நொடியில் திறப்பதற்கு. அந்த இடங்களில் பெரும்பாலும் பகல் வெளிச்சம் இருக்கிறது. எடையும் ஒரு காரணம்: த்ரீ-சி ஏறத்தாழ 190 கிராம், எம் 515 ஏறத்தாழ 140 கிராம். ஐம்பது கிராம் தாளில் சிறிதாகத் தோன்றலாம். சட்டைப்பைக்கு அது நன்றாகவே தெரியும். பையில் இல்லாத குறிப்பேட்டில் யாரும் எதையும் எழுதுவதில்லை.

சேமிப்பாளர்:

திரையைப் பற்றி மேலே சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். ஆனால் திரைக்கு முன்பே நீங்கள் கவனிக்க வேண்டியது பேட்டரி. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இவ்விரு கருவிகளிலும் நீங்கள் உள்ளிடும் எல்லாத் தரவும் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் இருக்கிறது. இயங்குதளம் மட்டும் அழியாத தனி நினைவகத்தில் உள்ளது. பேட்டரி குறைந்துபோனால் கருவி முதலில் திரையை ஒளிரச் செய்ய மறுக்கும். எஞ்சியிருக்கும் சிறிதளவு மின்னூட்டத்தை நினைவகத்தைக் காப்பதற்காக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அந்த மின்னூட்டம் தீர்வதற்குள் மின்னேற்றிவிட்டால் எதுவும் போகாது. அதையும் கடந்தால், மீண்டும் மின்னேற்றித் திறக்கும்போது கடையிலிருந்து வாங்கி வந்த முதல் நாளைப்போல் வரவேற்புத் திரையும், மூலைகளைத் தொட்டுத் திரையைச் சீர்செய்யச் சொல்லும் குறியும் மட்டுமே தோன்றும்.

எனக்கு அது நேர்ந்தது. நீண்ட பயணம் ஒன்றின்போது என் கருவியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட முகவரிகள், மூன்று ஆண்டுக் குறிப்புகள் எதுவும் அதில் இல்லை. கருவியின் மேல் குற்றமில்லை. மின்னேற்றாமல் விட்டவன் நான். கணினியில் காப்பு நகல் இருந்தது, ஆனால் அது நான்கு மாதங்களுக்கு முந்தையது. அந்த நான்கு மாதங்களில் என் தந்தை மருத்துவமனையில் இருந்தார். அவர் சொன்னவற்றை அவ்வப்போது அதில்தான் குறித்து வைத்திருந்தேன். இதைப் படிக்கும் எவருக்கும் அப்படி நேரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

உங்கள் கருவிகளில் இருப்பது 20 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரி என்றால், அது முழு மின்னூட்டத்தைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். முழுவதும் மின்னேற்றி, இரண்டு நாள் தொடாமல் வைத்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். பின்புற உறை சற்றே உப்பியிருந்தாலோ, இரு பாதிகளின் இணைப்பில் இடைவெளி தெரிந்தாலோ, அந்தக் கருவியை மின்னேற்றவே வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. அதை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

எம் 515க்கு என் வாக்கும் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்காக. அதன் தலைப்பகுதியில் எஸ்டி அட்டைக்கான துளை இருக்கிறது, த்ரீ-சியில் இல்லை. முழு நினைவகத்தையும் அட்டையில் நகலெடுத்து வைக்கும் சிறு நிரல்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை நிறுவி, நாள்தோறும் இரவு தானாக நகலெடுக்கும்படி அமைத்துவிட்டால், பேட்டரி முற்றிலும் போனாலும் ஒரு நாளைக்கு மேல் இழப்பு இராது. அட்டை வாங்கும்போது கொள்ளளவில் கவனமாக இருங்கள். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி அட்டைகள் இந்தக் கருவிக்குப் பின்னால் வந்தவை. அவற்றை இது அறியாது. பழைய சிறிய அட்டையே போதும். 16 எம்பியை நகலெடுக்கப் பெரிய இடம் தேவையில்லை.

நாட்குறிப்பாளர்:

இருவருக்கும் மிக்க நன்றி. சன்னல் ஓரச் சோதனையைச் செய்து பார்த்தேன். எழுத்தாணி சொன்னது முற்றிலும் உண்மை. த்ரீ-சியின் பின்புறம் உப்பியிருப்பதுபோல் தோன்றுவதால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். முதலாவது, வண்ணம் என்பது குறிப்பேட்டு வேலைக்கு உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது பேட்டரியைத் தின்பது மட்டும்தானா? இரண்டாவது, என் கணினி அண்மைக்காலத்தது. அதனுடன் எம் 515ஐ இணைக்க முடியுமா?

படப்புள்ளி:

முதல் கேள்விக்கு நேர்மையான விடை: இந்தத் தலைமுறைக் கருவிகளில் வண்ணம் பெரிதாக உதவுவதில்லை. த்ரீ-சி, எம் 505, எம் 515, ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் வைசர் பிரிஸம் ஆகிய எல்லாவற்றின் திரையிலும் இருப்பவை 160க்கு 160 படப்புள்ளிகளே (பிக்சல்). 1996இல் வந்த முதல் பாம் கருவியான பைலட்டின் கறுப்பு வெள்ளைத் திரையிலும் அதே எண்ணிக்கைதான். வண்ணம் வந்ததால் ஒரு வரிகூடக் கூடுதலாகத் திரையில் அடங்கவில்லை, ஓர் எழுத்தின் வளைவுகூட மென்மையாகவில்லை. கறுப்பு வெள்ளைக் கருவிகள் வாரக்கணக்கில் ஓடியபோது, வண்ணக் கருவிகளை அதைவிட விரைவில் மின்னேற்ற வேண்டியிருந்தது. அந்த விலைக்கு ஈடாகக் கிடைத்தது குறைவு என்பதே என் எண்ணம்.

படிப்பதை எளிதாக்கியது வண்ணம் அன்று, படப்புள்ளிகளின் நெருக்கம். சோனியின் க்ளியே வரிசையில் 2001ஆம் ஆண்டிலேயே 320க்கு 320 திரை வந்துவிட்டது. பாம் நிறுவனம் 2002இன் பிற்பகுதியில் டங்ஸ்டன் டி கருவியில் அதைக் கொண்டுவந்தது. அந்தத் திரையில் ஒரு குறிப்பைப் படித்துவிட்டுப் பழையதற்குத் திரும்புவது கடினம். காம்பேக் ஐபேக்கும் 2000ஆம் ஆண்டிலேயே 240க்கு 320 வண்ணத்திரையோடு வந்தது. ஆனால் அது சிறு கணினியாக இருக்க முயன்ற கருவி, ஒரு சந்திப்பைக் குறிக்க எழுத்தாணியைக் கூடுதலாகப் பலமுறை தட்ட வேண்டியிருந்தது. குறிப்பேடாக அது எனக்கு ஒத்துவரவில்லை.

எழுத்தாணி:

படப்புள்ளி அவர்களின் கருத்தில் முக்கால் பங்கை ஏற்கிறேன். எஞ்சிய கால் பங்கில் மாறுபடுகிறேன்.

எம் 515உடன் வந்த மூல நாட்காட்டியில் நிகழ்வுகளை வகை பிரிக்கவே வழியில்லை. முகவரி, வேலைப்பட்டியல், குறிப்பு ஆகியவற்றில் வகைகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு நிறம் இல்லை. அந்த அளவில் வண்ணம் வீண்தான். ஆனால் அந்த நாள்களிலேயே வெளியாரால் எழுதப்பட்ட நாட்காட்டிச் செயலிகள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுக்க விட்டன. மாதக் காட்சியில் ஒரு நாளுக்கு விரல்நகத்தில் பாதியளவு இடம்கூட இல்லை. அங்கே எழுத்து எதுவும் அடங்காது, நிறப்புள்ளி மட்டுமே அடங்கும். வேலை நீலம், வீடு பச்சை, மருத்துவரைப் பார்க்க வேண்டியது சிவப்பு என்று வைத்துக்கொண்டபோது, ஒரு மாதத்தின் போக்கு எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. பச்சையே இல்லாமல் மூன்று வாரங்கள் கடந்திருப்பதைக் கண்டு, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்கென்று ஒதுக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கறுப்பு வெள்ளைத் திரையில் அது என் கண்ணில் பட்டிருக்காது. படப்புள்ளி குறைவான திரையில்தான் நிறத்துக்கு வேலை அதிகம் என்பது என் துணிபு.

நண்பருக்கு ஒரு சொல்: இக்கருவியில் எழுத்தாணியால் எழுதுவதற்கான கிராஃபிட்டி எழுத்துமுறையைக் கற்க மூன்று நாள் பொறுமை காட்டுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் பெரும்பாலும் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். ஆங்கில ஏ (A) குறுக்குக்கோடு இல்லாத கூரை, டி (T) என்பது மேலே வலப்பக்கமாக இழுத்துக் கீழே இறக்கிய ஒரு முனை. அதற்குப் பிறகு திரையைப் பாராமலே எழுத வரும். எழுத்துகள் தவறாக விழத் தொடங்கினால் உங்கள் கையைக் குறை சொல்வதற்கு முன் அமைப்புகளில் போய்த் திரையை ஒருமுறை சீர்செய்யுங்கள். அழுத்தத்தை உணரும் இத்தகைய திரைகளில் தொடும் இடம் நாளடைவில் சற்று நகர்ந்துவிடும். தமிழ் எழுத்துரு கருவியில் இல்லை என்பதையும் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. நான் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதியே பழகினேன்.

கட்டளைவரி:

இணைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எம் 515 யுஎஸ்பி தாங்கி (கருவியைச் செருகி நிறுத்தும் அடித்தளம்) வழியாகக் கணினியுடன் இணைவது. பாம் வெளியிட்ட யுஎஸ்பி இயக்கி நிரல்கள் 32 பிட் விண்டோஸுக்கானவை. இன்றைய 64 பிட் விண்டோஸில் அவை நிறுவப்படா. விந்தை என்னவென்றால், அதைவிடப் பழைய த்ரீ-சி, பழைய கணினிகளில் இருந்த தொடர்முனை (serial port) வழியாக இணைவதால், யுஎஸ்பியைத் தொடர்முனையாக மாற்றும் கம்பி ஒன்று இருந்தால் அது பொதுவாக எளிதாகவே இணைகிறது.

நீங்கள் லினக்ஸ் பயன்படுத்த முடியுமானால் சிக்கல் குறைவு. ஜே-பைலட் என்ற நிரல், பைலட்-லிங்க் என்ற தொகுப்பின் துணையோடு இவ்விரு கருவிகளுடனும் பேசும். நாட்காட்டி, முகவரி, வேலைப்பட்டியல், குறிப்பு ஆகிய நான்கையும் கணினியிலேயே திறந்து திருத்தலாம், முழுக் காப்பு நகலும் எடுக்கலாம். பழைய மடிக்கணினி ஒன்றில் அதை நிறுவி இந்த வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நீண்ட குறிப்புகள் எழுதுவதாக இருந்தால், ஒரு குறிப்பின் அளவு ஏறத்தாழ 4,000 எழுத்துகளோடு நின்றுவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அதேபோல் இக்கருவியின் நாட்காட்டி 1904இல் தொடங்கி 2031இல் முடிகிறது. ஆண்டைக் குறிக்க ஏழு பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதால் 128 ஆண்டுகளுக்கு மேல் அதில் எண்ண முடியாது. ஓராண்டுச் சோதனைக்கு அது தடையில்லை.

நாட்குறிப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. எம் 515ஐ முழுவதும் மின்னேற்றி வைத்துவிட்டேன்; இரண்டு நாள் கழித்து அளவைப் பார்த்த பிறகே தரவு உள்ளிடத் தொடங்குவேன். என்னிடம் பழைய கேமராவில் இருந்த 128 எம்பி எஸ்டி அட்டை ஒன்று இருக்கிறது; கருவி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. மாமாவின் பழைய குறிப்புகள் சில இன்னும் இதன் நினைவகத்தில் இருப்பதை இன்றுதான் பார்த்தேன். அவரிடம் கேட்டுவிட்டு, அவற்றை முதலில் அட்டையில் நகலெடுக்கப் போகிறேன்.