கிரவுண்டுல கோச்சா நின்ன பெண்கள், மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

அஸ்தம்பட்டி அக்கா:
நானே ஆரம்பிக்கிறேன். சேலம் காந்தி ஸ்டேடியம், கேர்ள்ஸ் வாலிபால். டீம் ஷீட்டுல கையெழுத்துப் போடணும். டேபிள்ல இருந்தவர் "கோச்சை வரச் சொல்லும்மா"ன்னார். கழுத்துல விசில், கையில ஷீட். "நான்தாங்க சார்"னேன். காதுல விழாத மாதிரி என் தோளுக்கு மேல கையை நீட்டி, பின்னாடி தண்ணி கேன் தூக்கிட்டு வந்த வேன் டிரைவர் அண்ணன்கிட்ட பேனாவை நீட்டுறார். அண்ணன் கேனை இறக்கி வெச்சு, பேனாவை வாங்கி என் கையில கொடுத்தார். பிள்ளைங்க அத்தனை பேரும் பார்த்துட்டு நின்னாங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

ஏற்காட்டுக்காரி:
எனக்கு ஸ்டாப்வாட்ச். மேல ஒரு பள்ளிக்கூடத்துல அத்லெடிக்ஸ். காலையில அஞ்சரைக்கே பனியில ரன்னிங். கிரவுண்டுல பொம்பளைங்களுக்கு பாத்ரூம் கிடையாது, ஒன்பது மணி வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன். வயிறு தெரிஞ்சதும் "டெலிவரி முடிச்சுட்டு வாங்க, பார்த்துக்கலாம்"னாங்க. குழந்தைக்கு மூணு மாசம் ஆச்சு, அம்மாகிட்ட விட்டுட்டு 20 கொண்டை ஊசியும் ஏறிப் போனேன். புதுசா ஒரு தம்பி நிக்கிறாரு. அவர் கழுத்துல என் வாட்ச். கயிறு அறுந்து நான் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன், அதே ரிப்பன். ஒண்ணும் கேட்கலை. அடுத்த பஸ்ல இறங்கிட்டேன்.

ஆத்தூர் பி.டி. மாஸ்டர்:
அக்கா, டேபிள்ல எல்லாரும் அப்படி இல்லைங்க. சம்பளக் கஷ்டம் எங்களுக்கும்தான். 2012ல பகுதிநேரமா எடுத்தப்ப மாசம் 5,000, மே மாசம் அதுவும் இல்ல. ஆனா ஒண்ணு. கேர்ள்ஸ் டீமோட என்னை மட்டும்தான் அனுப்பினாங்க, கூட ஒரு லேடி இல்ல. தொப்பூர் தாண்டி ஒரு பிள்ளை சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது, ஒரே அழுகை. எனக்குப் புரியவே பத்து நிமிஷம் ஆச்சு. என் தங்கச்சிக்கு போன் போட்டு அந்தப் பிள்ளை கையில கொடுத்தேன்.

ஏற்காட்டுத் தங்கச்சி, நீங்க விட்டிருக்கக் கூடாது. முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தா 26 வாரம் சம்பளத்தோட லீவு, 2017லயே வந்தாச்சு. தினக்கூலிக்கும் உண்டு. அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பேங்க் என்ட்ரி, வருகைப் பதிவு மூணையும் செராக்ஸ் எடுத்து லேபர் ஆபீசுல எழுத்துல கொடுங்க. வேலை இடத்துல பாலியல் தொல்லைன்னா அதுக்கு 2013 சட்டம் இருக்கு. 10 பேர் வேலை பார்க்கிற இடத்துல புகார் குழு இருக்கணும், சின்ன இடம்னா மாவட்டக் குழுகிட்ட போகலாம். வாயால சொன்னா வேலைக்கு ஆகாது, எல்லாமே எழுத்துல.

அஸ்தம்பட்டி அக்கா:
எல்லாரும்னு நான் சொல்லலையே மாஸ்டர். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்த கோச்சுகள்லயே 100க்கு 13 பேர்தான் பெண்கள். நம்ம ஊர் டேபிள்ல என்னை யார் எதிர்பார்ப்பாங்க?

ஏற்காட்டுக்காரி:
லெட்டரே தரலைங்கண்ணா. வவுச்சர்ல கையெழுத்து வாங்கிட்டுப் பணத்தைக் கையில கொடுப்பாங்க. நான் வந்ததுக்குச் சாட்சி பிள்ளைங்களோட டைமிங் நோட்டு ஒண்ணுதான், தினமும் தேதி போட்டு என் கையெழுத்துல. அது ஸ்போர்ட்ஸ் ரூம் பீரோவுல இருக்கு.