டிஜே மிக்ஸர் தனியாக வாங்கத்தான் வேண்டுமா? மேடை மிக்ஸரே போதாதா?

கேட்டவர்: சுழல்தட்டு

அனைவருக்கும் வணக்கம். கூட்டங்களில் மைக்குகளை இணைப்பதற்கென்று வைத்திருந்த ஆறு சேனல் மிக்ஸர் ஒன்று என்னிடம் உள்ளது. அண்மையில் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்கள் இரண்டு கைக்கு வந்ததால், ஒரு பாட்டு ஓயும் முன்பே அடுத்த பாட்டை அதனோடு சேர்த்து, இடைவெளி தெரியாமல் கொண்டுபோகப் பழகலாம் என்று இறங்கினேன். ஆனால் டர்ன்டேபிளின் வயரை லைன் உள்ளீட்டில் செருகினால், பாட்டு கொசுவின் ரீங்காரம் போல மெலிந்து கேட்கிறது. உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயினை முழுவதுமாகத் திருகினால் இரைச்சல்தான் ஏறுகிறதே தவிர, பேஸ் எனும் தாழ்ந்த ஒலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோளாறு டர்ன்டேபிளிலா, மிக்ஸரிலா? டிஜே மிக்ஸர் என்று தனியாக விற்கிறார்களே, இதில் இல்லாத எதுதான் அதில் இருக்கிறது? நடுவில் இடமும் வலமுமாக நகரும் அந்த ஒரு ஃபேடருக்காகவா (ஒலியளவை மாற்ற நகர்த்தும் பிடி) அதை வாங்குகிறார்கள்?

பதில்: ஊசிமுனை

கோளாறு இரண்டிலும் இல்லை; நீங்கள் செருகிய இடம்தான் பொருந்தவில்லை. இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி, பரவலாகப் பயன்படும் காந்த வகை கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) பொருத்தியதாக இருந்தால், ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் அளவுக்கே மின்னழுத்தம் தரும். லைன் உள்ளீடோ, வீட்டுக் கருவிகளின் கணக்கில் பார்த்தாலே 0.3 வோல்ட் அளவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி சுமார் 60 மடங்கு. மிக்ஸரின் கெயினைக் கொண்டு அதை நிரப்பப் பார்த்தால், பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகத்தான் செய்யும்.

பேஸ் வராததற்குக் காரணம் வேறு. தாழ்ந்த அதிர்வெண்களை உள்ளபடியே தட்டில் செதுக்கினால், பள்ளம் பக்கவாட்டில் அகலமாக அலைந்து, தட்டில் கொள்ளும் பாட்டின் நேரம் குறைந்துவிடும். ஊசியும் தடம் புரளக்கூடும். அதனால் செதுக்கும்போதே பேஸைக் குறைத்தும், உச்ச அதிர்வெண்களைக் கூட்டியும் பதிகிறார்கள். திரும்ப ஒலிக்கும்போது அதற்கு நேர்மாறாகச் சரிசெய்ய வேண்டும். 1954-இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட, அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ-வின் வளைவின்படி, 1,000 ஹெர்ட்ஸை அளவாகக் கொண்டால், 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டவும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அதே அளவு குறைக்கவும் வேண்டியிருக்கிறது. இந்தத் திருத்தத்தையும் பெருக்கத்தையும் ஒருங்கே செய்கிற சுற்றுக்குப் பெயர்தான் ஃபோனோ பிரீஆம்ப். டிஜே மிக்ஸரின் பின்புறம் ஃபோனோ என்று குறித்த துளைகளுக்கு உள்ளே இருப்பது அதுவே. உங்கள் டர்ன்டேபிளின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை லைனுக்குத் தள்ளினாலே இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் மடிக்கணினியையோ சிடி பிளேயரையோ ஃபோனோ துளையில் செருகிவிடாதீர்கள்; காது கூசும்படி உடைந்து ஒலிக்கும்.

பதில்: இருகாது

ஊசிமுனை சொன்னது முழுக்கச் சரி. இருந்தாலும், டிஜே மிக்ஸரின் உயிர் ஃபோனோவில் இல்லை, ஹெட்ஃபோனில் இருக்கிறது என்பது என் கருத்து. கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குத் தெரியாமல் அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் கேட்டாக வேண்டும். சேனலில் உள்ள க்யூ பொத்தானை அழுத்தினால், ஃபேடருக்கு முன்னாலேயே ஒலியைப் பிரித்தெடுத்து ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். ஃபேடர் அடியில் கிடந்தாலும் உங்கள் காதில் பாட்டு ஓடும். அரங்கில் ஒரு சிறு ஓசைகூட எழாது. மேடை மிக்ஸர்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டுதான். ஆனால் அடுத்த பாட்டையும் அரங்கில் ஓடும் பாட்டையும் வேண்டிய அளவில் கலந்து ஹெட்ஃபோனில் தரும் தனித் திருகு அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டு தாளங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுகின்றனவா என்று அந்தத் திருகைக் கொண்டுதான் நான் பார்ப்பேன்.

வேகத்தை மிக்ஸர் சரிசெய்து தரும் என்று எண்ணிவிடாதீர்கள். அது டர்ன்டேபிளின் வேலை. நிமிடத்துக்கு 120 தாளத்தட்டுகளில் செல்லும் பாட்டை 124-க்குக் கொண்டுவர, டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை ஏறத்தாழ 3.3 விழுக்காடு ஏற்ற வேண்டும்.

வேகம் பொருந்திய பிறகு நான் செய்வது இது. புதிய பாட்டின் பேஸ் திருகை முழுவதும் இறக்கிவைத்து, சேனல் ஃபேடரை மெல்ல ஏற்றுவேன். முதலில் சிம்பல்களின் கிணுகிணுப்பு மட்டும் பழைய பாட்டோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த பகுதி தொடங்கும் முதல் தாளத்தட்டில், ஒரு கையால் பழைய பாட்டின் பேஸை இறக்கி, மறு கையால் புதியதன் பேஸை ஏற்றுவேன். இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று முட்டி, அடிப்பகுதி குழம்பிப்போகும். இதற்கு ஒவ்வொரு சேனலிலும் பேஸை அறவே அடைக்கக்கூடிய ஈக்யூ (தாழ்ந்த, இடை, உச்ச ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகுகள்) இருந்தால் நல்லது. மேடை மிக்ஸரின் ஈக்யூ பொதுவாகக் குறைக்குமே தவிர, முழுவதுமாக அடைக்காது.

நீங்கள் கேட்ட அந்தக் கிராஸ்ஃபேடரை இதில் நான் தொடவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1970-களின் தொடக்கத்தில் நடன அரங்குகளுக்கு வந்த போசாக் மிக்ஸரில் கிராஸ்ஃபேடரே கிடையாது, திருகுகள் மட்டும்தான். இன்றும் திருகு மிக்ஸர்களையே விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பதில்: வெட்டுவிரல்

கிராஸ்ஃபேடரை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது, நண்பரே. நீண்ட கலவைகளுக்கு அது தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்கிராட்ச் செய்கிறவனுக்கு அதுதான் வாத்தியம். ஒரு கை தட்டை முன்னும் பின்னும் இழுக்க, மறு கையின் விரல்கள் ஃபேடரைத் திறந்து மூடி, ஒரே ஓசையை அசை அசையாக நறுக்குகின்றன. நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் க்யூ கேட்பதற்கான சுவிட்சைத் தாமே அமைத்துக்கொண்ட காலத்திலிருந்தே, ஹிப்ஹாப் வளர்ந்தது இப்படிக் கருவியை வேலைக்கேற்ப வளைத்துத்தான்.

வாங்கும்போது, கிராஸ்ஃபேடரின் வளைவை, அதாவது அதை நகர்த்த நகர்த்த ஒலி ஏறி இறங்கும் விதத்தை, மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நிறுத்தும்போது இரு பக்கமும் பாதி மின்னழுத்தம், அதாவது 6 டெசிபல் குறைவு என்று இருந்தால், இரண்டு பாட்டும் சேர்ந்த பிறகும் ஒலி சற்றுத் தொய்ந்து கேட்கும். 3 டெசிபல் மட்டும் குறைந்தால் மொத்த வலு ஏறக்குறைய மாறாது. ஸ்கிராட்சுக்கு இவை இரண்டுமே உதவாது. ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்ததும் ஒலி முழுவதுமாகத் திறந்துவிட வேண்டும். கார்பன் தடத்தில் உரசி ஓடும் ஃபேடர் நாளடைவில் தேய்ந்து கரகரக்கும். உரசாமல் காந்தத்தால் இயங்கும் வகை நீண்ட நாள் உழைக்கும்.

கேட்டவர்: சுழல்தட்டு

மூவருக்கும் நன்றி. டர்ன்டேபிளின் பின்னால் சுவிட்ச் எதுவும் இல்லாததால், நண்பர் ஒருவரின் டிஜே மிக்ஸரை இரவல் வாங்கி ஃபோனோவில் இணைத்தேன், பேஸ் வந்துவிட்டது. ஆனால் தட்டு ஓடாதபோதும் ஒரு உறுமல் கேட்கிறது. மேலும் மீட்டரில் சிவப்பு விளக்கு அடிக்கடி எரிகிறது. அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: ஊசிமுனை

டர்ன்டேபிளிலிருந்து சிக்னல் வயரோடு ஒட்டி, முனையில் கவை போன்ற தகடு வைத்த மெல்லிய வயர் ஒன்று தொங்குகிறதா? அது எர்த் வயர். மிக்ஸரின் பின்புறம் உள்ள எர்த் திருகில் அதை மாட்டி இறுக்குங்கள். உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிவப்பை நிச்சயம் பொருட்படுத்த வேண்டும். அலையின் முகடுகள் மிக்ஸருக்குள்ளேயே தட்டையாகிவிட்டால், ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் குறைத்தாலும் அந்தச் சிதைவு போகாது. பாட்டின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டு, சேனல் மீட்டர் 0 அளவைத் தொட்டுத் தொட்டு இறங்கும்படி கெயினை வையுங்கள். அரங்கில் ஒலி போதவில்லை என்றால், கூட்ட வேண்டியது ஆம்ப்ளிஃபயரில்தான். பாட்டுக்குப் பாட்டு பதிவின் உரப்பு மாறும் என்பதால், ஒவ்வொரு தட்டை மாற்றும்போதும் க்யூவில் கேட்டுக்கொண்டே இதைத் திரும்பச் செய்யுங்கள்.